வரைபடத்துக்கு முன்னால் நிலம்: நகர உயிரியல் பூங்காக்களைப் புதுப்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா நிர்வாகிகளுக்கும், நகர்மன்றப் பொறுப்பாளர்களுக்கும், திட்டம் தீட்டும் வல்லுநர்களுக்கும், அனுமதி வழங்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நகரங்களின் நடுவே இருக்கும் பழைய உயிரியல் பூங்காக்களை இடித்துப் புதுப்பிக்கும் பணிகள் பல நாடுகளில் நடைபெற்றுவருகின்றன. அப்பணிகளே கூடாது என்று வாதிடுவதற்காக நான் இம்மடலை எழுதவில்லை. கம்பிக்குப் பின்னால், சிமென்ட் தரையில், ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருக்கும் விலங்கைப் பார்த்த எவரும் அந்தக் கூண்டைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கமாட்டார்கள். 1907-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வணிகர் தன் பூங்காவில் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகளை அமைத்தார். 1970-களின் இறுதியில் சியாட்டில் நகரின் உட்லண்ட் பார்க் பூங்கா, செடிகொடிகள் அடர்ந்த நிலப்பரப்பையே கொரில்லாக்களின் உறைவிடமாக மாற்றியது. மற்ற பூங்காக்களும் அவ்வழியில் செல்வது நியாயமே. நான் கேட்பது ஒன்றுதான்: வரைபடம் எந்த நிலத்தின்மேல் விழப்போகிறதோ, அந்த நிலத்தில் இப்போது என்னென்ன இருக்கின்றன என்ற கணக்கை வரைபடம் தீட்டுவதற்கு முன்னால் எடுங்கள். வடிவமைப்பு முடிவாகி, ஒப்பந்தப்புள்ளியும் கோரப்பட்ட பிறகு எடுக்கப்படும் சுற்றுச்சூழல் கணக்கால், என்னென்ன அழியப்போகின்றன என்று பட்டியல் போட மட்டுமே முடியும்.

இந்த நிலங்களின் வயதை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். லண்டன் பூங்கா 1828-இலும், ஆம்ஸ்டர்டாமின் ஆர்டிஸ் 1838-இலும், பெர்லின் பூங்கா 1844-இலும் தொடங்கப்பட்டவை. இவை தொடங்கிய காலத்தில் நகரத்தின் ஓரத்தில் இருந்திருக்கும். பிறகு நகரம் இவற்றைச் சுற்றி வளர்ந்து, இவற்றைத் தன் நடுவே வைத்துக்கொண்டது. சுற்றிலும் உள்ள ஒவ்வொரு மனையும் இரண்டு மூன்று தலைமுறைகளில் தோண்டப்பட்டு, இடிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்டிருக்கும்போது, வேலிக்குள் இருந்த மண்ணில் பெரும்பகுதி கடப்பாரை படாமல் கிடந்திருக்கிறது. நகரத்தின் மிக மூத்த மரங்களில் சில பூங்காவுக்குள் நிற்பதற்கும், மழைநீர் இன்னும் மண்ணுக்குள் இறங்கும் இடமாக அது இருப்பதற்கும் இதுவே காரணம். இந்தச் சேமிப்பு யாரும் திட்டமிட்டு உருவாக்கியது அல்ல. அதனாலேயே எந்தச் சொத்துப் பதிவேட்டிலும் இது இடம்பெறுவதில்லை. கட்டடங்களுக்கு மதிப்பு போடுகிறோம், யானைக்கும் சிங்கத்துக்கும் பதிவேடு வைத்திருக்கிறோம். அந்த மண்ணுக்கும் மரப்பொந்துக்கும் பதிவேடு இல்லை.

பூங்காவின் கணக்கில் வராத விலங்குகளும் அங்கே வாழ்கின்றன. டெல்லி உயிரியல் பூங்கா 1959-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதலே சுதந்திரமாகப் பறந்து திரியும் மஞ்சள்மூக்கு நாரைகள் அதன் குளத்துத் தீவுகளின் மரங்களில் கூடு கட்டத் தொடங்கிவிட்டன. அவற்றை யாரும் கொண்டுவந்து விடவில்லை. நீரும் மரமும் பாதுகாப்பும் ஒருசேரக் கிடைத்ததால் தாமாக வந்தவை. வாஷிங்டனில் உள்ள தேசிய உயிரியல் பூங்காவின் பறவை இல்லத்தைச் சுற்றியுள்ள மரங்களுக்கு, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஒவ்வொரு வசந்தத்திலும் வக்கா எனப்படும் இராக்கொக்குகள் கூடு கட்ட வருகின்றன. இவை பெயர் பெற்ற எடுத்துக்காட்டுகள். பெயர் பெறாத வௌவால் கூட்டங்களும், ஆந்தைகளும், தவளைகளும், மண்ணுக்கடியில் கூடு அமைக்கும் தனித் தேனீக்களும் ஏறக்குறைய எல்லாப் பழைய பூங்காக்களிலும் உண்டு. கூண்டுக்குள் இருக்கும் விலங்குகளை மாற்று இடத்துக்குக் கொண்டுசெல்ல விரிவான திட்டம் வகுக்கப்படுகிறது. வேலிக்கு வெளியிலிருந்து வந்து தங்கிய இவற்றுக்கு, ரம்பம் ஒலிக்கத் தொடங்கும் நாளே முன்னறிவிப்பாகிவிடுகிறது. பூங்காவின் நோக்கமே உயிரினப் பாதுகாப்பு என்று நுழைவாயிலில் எழுதி வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு இது அழகல்ல.

இனி மரங்களுக்கு வருகிறேன். இதைப் பற்றிச் சற்று நீண்டு எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். ஏனெனில் மறுசீரமைப்புத் திட்டங்களில் மிகச் சாதாரணமாக நிகழ்வதும், மிகத் தாமதமாகத் தெரியவருவதும் இந்த இழப்புதான். திட்ட அறிக்கையில் வெட்டப்படும் மரங்களின் எண்ணிக்கை இருக்கும். அந்த எண்ணைக் குறைவாகக் காட்டுவதில் எல்லோருக்கும் அக்கறை உண்டு. பொதுமக்கள் கேட்பதும் அதைத்தான். ஆனால் வெட்டாமல் விடப்படும் மரங்களில் எத்தனை பிழைக்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஒரு மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் ஒரு மீட்டருக்குள்ளேயே பரவியிருக்கிறது. நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அதிலும் மேலாகவே இருக்கின்றன. அவை கிளைகளின் நிழல் விழும் எல்லையைத் தாண்டியும் வெகுதூரம் செல்லும். அந்த இடத்தின் மீது ஜேசிபி இயந்திரம் சில முறை ஓடினாலே மண்ணின் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிடைவெளி நசுங்கி, நீர் இறங்குவதும் வேர் சுவாசிப்பதும் தடைபடுகின்றன. கட்டுமானப் பொருள்களைக் குவித்து வைக்க எல்லோரும் தேர்ந்தெடுப்பது மரநிழலைத்தான் என்பதையும், சிமென்ட் கலவை இயந்திரத்தைக் கழுவிய காரநீர் போய்ச் சேருவதும் பெரும்பாலும் அங்கேதான் என்பதையும் கட்டுமானத் தளத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இப்படிக் காயப்பட்ட மரம் உடனே சாவதில்லை. தண்டில் சேர்த்துவைத்த சத்தைக் கொண்டு இரண்டு, மூன்று, சில நேரம் அதற்கும் மேற்பட்ட ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது. உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும்போது திறப்பு விழா முடிந்திருக்கும், ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலமும் முடிந்திருக்கும். காய்ந்த மரம் பார்வையாளர்களுக்கு ஆபத்து என்ற காரணத்தைக் காட்டி வெட்டப்படும். அந்த மரம் எந்த அறிக்கையிலும் திட்டத்தால் இறந்த மரமாகப் பதிவாவதில்லை. இதைத் தவிர்ப்பதற்கான முறைகள் புதியவையல்ல. கட்டுமானத் தளங்களில் மரங்களைக் காப்பதற்கான பிரிட்டனின் பிஎஸ் 5837 என்ற தரநிலை, மரத்தின் அடிமர விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரம் கொண்ட வட்டத்தை வேர்க் காப்புப் பகுதியாக வரையறுக்கிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு இது 12 மீட்டர் ஆரம், அதாவது ஏறத்தாழ 450 சதுர மீட்டர் நிலம். வேலை தொடங்கும் முன்பே அந்த வட்டத்தைச் சுற்றி அசைக்க முடியாத வேலி போட வேண்டும். அதற்குள் தோண்டுதல், குவித்தல், வண்டி நிறுத்துதல் எதுவும் கூடாது. பழைய பூங்காவின் வரைபடத்தில் ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் இப்படி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். புதிய பாதைகளுக்கும் குழாய்த் தடங்களுக்கும் அகழிகளுக்கும் எவ்வளவு இடம் உண்மையில் மிஞ்சுகிறது என்பது அப்போதுதான் தெரியும். வடிவமைப்பாளர் முதல் கோட்டை இழுப்பதற்கு முன் இந்த வட்டங்கள் அவர் கையில் இருக்க வேண்டும் என்பதே என் வாதத்தின் சாரம்.

வெட்டும் ஒரு மரத்துக்குப் பதில் பத்து மரம் நடுவோம் என்ற வாக்குறுதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்து நாற்றுகள் சேர்ந்தாலும் ஒரு மூத்த மரத்தின் பொந்தாகிவிட முடியாது. பொந்து உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆந்தைக்கும் வௌவாலுக்கும் கிளிக்கும் தேவைப்படுவது அதுதான். நிழல், மழையைத் தாங்கும் இலைப்பரப்பு, வெப்பத்தைத் தணிக்கும் நீராவி ஆகிய எல்லாவற்றிலும் இதே நிலைதான். பெரிய மரங்களை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் பெயர்க்கும்போது வேர்த்தொகுதியில் பெரும்பங்கு வெட்டுப்பட்டுவிடுவதால், முதிர்ந்த மரங்கள் அதன்பின் தழைப்பது அரிது. தழைத்தாலும் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து நீர் ஊற்றிப் பேண வேண்டும். அந்தச் செலவு திட்ட மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பார்த்தால், முதல் ஆண்டுக்கு மட்டுமே இருக்கும். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் பெரிய கட்டுமானத் திட்டங்கள், தாம் அழிப்பதைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலான உயிரினப் பன்மையை உருவாக்கி, அதை 30 ஆண்டுகள் பேண வேண்டும் என்பது சட்டமாகியிருக்கிறது. அந்த முறையில் குறைகள் உண்டு என்றாலும், 30 ஆண்டு என்ற கால அளவை நான் மதிக்கிறேன். மரத்தின் காலக்கணக்கோடு ஓரளவாவது பொருந்துகிற அரசாணைகள் மிகக் குறைவு.

அடுத்தது நீர். புதுப்பிக்கப்படும் பூங்காக்களில் பாதைகள் அகலமாகின்றன; சக்கர நாற்காலிகளுக்கும் குழந்தை வண்டிகளுக்கும் அது தேவையானதே. உணவகம், நினைவுப்பொருள் கடை, அரங்கம், வாகன நிறுத்தம் என்று கூரையும் தளமும் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒரு ஹெக்டேர் நிலத்தின் மீது 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 5 லட்சம் லிட்டர். மரமும் மேல்மண்ணும் உள்ள நிலம் இதில் பெரும்பகுதியை வாங்கி மெதுவாக விடும்; கான்கிரீட் ஏறக்குறைய முழுவதையும் சில நிமிடங்களில் வடிகாலுக்குள் தள்ளிவிடும். நகரின் நடுவே உள்ள வடிகால்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நிரம்பி வழிபவை. ஆகவே பூங்காவுக்குள் கட்டப்படும் ஒவ்வொரு தளமும் பூங்காவுக்கு வெளியே உள்ள தாழ்வான தெருவின் பிரச்சினையாகிறது. அந்தத் தெருவில் வசிப்போரைப் பொதுக் கருத்துக் கேட்புக்கு அழைத்தார்களா என்று நான் ஒவ்வொரு திட்டத்திலும் தேடிப் பார்ப்பதுண்டு.

மிருகக்காட்சி சாலையின் மழைநீர் மற்ற இடங்களின் மழைநீரைப் போன்றதும் அல்ல. வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிலோ சாணம் போடுகிறது. காண்டாமிருகம், நீர்யானை, மான் கூட்டம் என்று சேர்த்தால், ஒரு நடுத்தரப் பூங்கா ஒரு பெரிய கால்நடைப் பண்ணைக்கு நிகரான கழிவை நகரின் நடுவே வைத்திருக்கிறது. உறைவிடங்களைக் கழுவும் நீரும், திறந்தவெளிகளில் விழும் மழையும் ஒரே வடிகாலில் கலந்தால், நைட்ரஜனும் பாஸ்பரசும் அருகிலுள்ள ஓடையையோ ஏரியையோ சென்றடைந்து பாசியைப் பெருக்கும். சால்மோனெல்லா, லெப்டோஸ்பைரா போன்ற நோய்க்கிருமிகளும் உடன் செல்லும். பழைய பூங்காக்கள் பலவற்றில் இந்த இரண்டு நீரையும் பிரிக்கும் குழாய்களே இல்லை. எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற வரைபடமும் இருக்காது. மறுசீரமைப்பின் போது நிலம் எப்படியும் தோண்டப்படப்போகிறது என்பதால், இதைச் சரிசெய்ய இதைவிட நல்ல வாய்ப்பு அடுத்த 50 ஆண்டுகளில் வராது. ஆனால் நன்கொடையாளரின் பெயரைக் கழிவுநீர்க் குழாயில் பொறிக்க முடியாது என்பதாலோ என்னவோ, நிதி குறையும்போது முதலில் தள்ளிவைக்கப்படுவது இந்த வேலைதான்.

குளங்களைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு குளம் 6 லட்சம் லிட்டர் நீர் கொள்ளும். வடிகட்டும் வசதி இல்லாமல் வாரம் ஒருமுறை முழுவதையும் திறந்துவிட்டு மறுபடி நிரப்பினால், ஆண்டுக்கு 3 கோடி லிட்டருக்கு மேல் நல்ல நீர் சாக்கடைக்குப் போகிறது. மணல் வடிகட்டியும், ஓசோன் வாயுவால் கிருமிகளை நீக்கும் அமைப்பும் கொண்டு அதே நீரைச் சுழற்றிப் பயன்படுத்துவது பல பூங்காக்களில் இன்று வழக்கமாகிவிட்டது. நாணலும் கோரையும் வளர்ந்த ஆழமற்ற படுகைகளின் வழியே நீரை ஓடவிட்டுத் தெளியவைக்கும் முறை இன்னும் எளிமையானது. சாணத்துக்கும் வழி இருக்கிறது. சியாட்டில் பூங்கா தன் சாணத்தை உரமாக்கி விற்பது நெடுங்காலமாகப் புகழ்பெற்றது. டெட்ராய்ட் பூங்கா 2017-இல் சாண எரிவாயுக் கலனை இயக்கத் தொடங்கி, அதில் கிடைத்த ஆற்றலைத் தன் விலங்கு மருத்துவமனைக்குப் பயன்படுத்தியது. இவற்றையெல்லாம் முதன்மைத் திட்டத்தின் பிற்சேர்க்கையாக வைக்காமல், நீரும் கழிவும் எப்படிச் செல்லும் என்பதை முடிவுசெய்த பிறகே உறைவிடங்களின் இடத்தைத் தீர்மானியுங்கள். மேட்டில் யானையும் பள்ளத்தில் குளமும் என்று வரைந்துவிட்டு, பின்னர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் தேடுவது தலைகீழான வேலை.

வேலை நடக்கும் காலத்தில் பூங்காவுக்குள்ளேயே இருக்கப்போகும் விலங்குகள் மீதான தாக்கமும் சுற்றுச்சூழல் தாக்கத்தில் அடங்கும் என்பதை மதிப்பீட்டாளர்கள் பலர் கருத்தில் கொள்வதில்லை. ஒலி அளவுக்கான விதிகள் மனிதச் செவியை அளவுகோலாகக் கொண்டவை. யானைகள் மனிதருக்குக் கேட்காத, 20 ஹெர்ட்ஸுக்குக் குறைவான ஒலியில் பேசிக்கொள்பவை. நிலத்தின் அதிர்வைப் பாதங்களால் உணர்பவை. அடித்தளத்துக்குத் தூண் அறையும் இயந்திரம், அலுவலகத்தில் இருப்பவருக்கு விதிமுறைக்குட்பட்ட இரைச்சலாக இருக்கும் அதே நேரத்தில், யானைக் கொட்டகையில் நாள் முழுவதும் ஓயாத நிலநடுக்கமாக இருக்கக்கூடும். மான் இனங்கள் திடுக்கிட்டு ஓடி வேலியில் மோதுவதும், கடும் பீதியால் தசைகள் சிதைந்து இறந்துபோவதும் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்தவை. இடிக்கும்போது எழும் தூசியோடு ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகளும் எழுகின்றன. பென்குயின்கள் இந்தப் பூஞ்சை நோய்க்கு மிக எளிதில் இலக்காகும் பறவைகள். பழைய கட்டடமென்றால் கூரையில் கல்நாரும், கதவுகளில் ஈயம் கலந்த வண்ணமும் இருக்கும் வாய்ப்பு அதிகம். இடித்துச் சுரண்டிய வண்ணம் மண்ணில் கலந்துவிட்டால், மண்ணை நக்கியும் முகர்ந்தும் வாழும் விலங்குகளுக்கு அது நஞ்சு.

சிறியவையாகத் தோன்றும் பொருள்கள் செய்யும் கேட்டையும் பார்க்க வேண்டும். தரையில் சிதறிய ஆணியையும் கம்பித் துண்டையும் நெருப்புக்கோழியும் கொக்கும் விழுங்கிவிடும். புதிதாகப் போடும் துத்தநாகம் பூசிய கம்பிவலையைக் கொறிக்கும் கிளிகள் துத்தநாக நச்சால் இறக்கின்றன; வலையை முன்கூட்டியே தேய்த்துக் கழுவினால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். இதைப் பராமரிப்பாளர்கள் அறிவார்கள், ஒப்பந்ததாரர் அறியமாட்டார். ஆகையால் தேவைப்படும் எந்த நாளிலும் வேலையை நிறுத்தவைக்கும் அதிகாரம், விலங்கின் நடத்தையில் மாற்றத்தை முதலில் கவனிக்கும் பராமரிப்பாளருக்கும் பூங்கா மருத்துவருக்கும் எழுத்துபூர்வமாக வழங்கப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் அத்தகைய பிரிவு இல்லாவிட்டால், தாமதத்துக்கான அபராதத்துக்குப் பயந்து யாரும் நிறுத்தமாட்டார்கள்.

கட்டடங்களுக்கு வருவோம். உலகின் கரியமிலவாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. இயற்கையான தோற்றம் தருவதற்காகக் கம்பிவலையின் மீது கான்கிரீட்டைப் பீய்ச்சி உருவாக்கும் செயற்கைப் பாறைகள், நவீன உறைவிடங்களின் அடையாளமாகிவிட்டன. பார்ப்பவருக்கு அது காடு. விலங்குக்கோ அது வெயிலில் சுடும் இன்னொரு சுவர். பாரிஸின் வான்சென் பூங்கா 1934-இல் அப்படிப்பட்ட பெரும் கான்கிரீட் பாறைகளோடு திறக்கப்பட்டது. அந்தக் கான்கிரீட் சிதைந்துபோனதால் 2008-இல் மூடப்பட்டு, பெரும்பாலும் புதிதாகக் கட்டப்பட்டு, 2014-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. லண்டன் பூங்காவின் 1934-ஆம் ஆண்டு பென்குயின் குளம் கட்டடக்கலை உலகம் கொண்டாடும் படைப்பு. அதன் கான்கிரீட் தளம் பறவைகளின் பாதங்களுக்கு ஒவ்வாமல்போக, 2004-இல் பென்குயின்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் கட்டடம் மட்டும் அங்கேயே நிற்கிறது. ஒரு தலைமுறையின் சிறந்த வடிவமைப்பு அடுத்த தலைமுறைக்குச் சுமையாக முடியும் என்பதை ஒப்புக்கொண்டால், இன்று கட்டுபவற்றை எளிதில் பிரித்தெடுக்கவும் மாற்றவும் கூடிய விதத்தில், மரம், மண், கல், திருகி இணைத்த எஃகு ஆகியவற்றைக் கொண்டு கட்டுவதே புத்திசாலித்தனம். இடிப்பதற்கு முன், மறுபயன்பாட்டுக்கு வழியுண்டா என்றும் பாருங்கள். வாஷிங்டன் பூங்கா 1928-இல் கட்டிய பறவை இல்லத்தை இடிக்கவில்லை. 2017-இல் மூடி, உள்ளமைப்பை முற்றிலும் மாற்றி, 2023-இல் திறந்தது.

புதிய உறைவிடத்தில் எந்த விலங்கை வைப்பது என்ற முடிவும் சுற்றுச்சூழல் முடிவே. வெப்பமான ஊரில் குளிர்நாட்டு விலங்கையும், குளிரான ஊரில் மழைக்காட்டு விலங்கையும் வைத்தால், ஆண்டு முழுவதும் ஓடும் இயந்திரத்துக்கான மின்சாரத்தை அக்கட்டடத்தின் ஆயுள் முழுவதும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். குளிரூட்டிகளில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவந்த ஆர்-404ஏ என்ற வாயு, வெளியே கசிந்தால், எடைக்கு எடை கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 3,900 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. உள்ளூர்த் தட்பவெப்பத்துக்கு ஏற்ற, அழிவின் விளிம்பில் உள்ள உள்ளூர் இனங்களைத் தேர்ந்தெடுக்கும் பூங்காவுக்கு இந்தச் செலவில் பெரும்பகுதி வராது. கூட்டம் சேர்க்கும் விலங்கு வேண்டும் என்ற விற்பனைப் பிரிவின் வாதம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த வாதத்தின் விலையான மின்கட்டணமும் கரியமிலவாயுக் கணக்கும் அதே அறிக்கையில், அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

பார்வையாளர்களுக்கும் விலங்குக்கும் இடையே கம்பி போய்க் கண்ணாடி வந்திருப்பதிலும் ஒரு கேடு இருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடிக்கும் 99 கோடிக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையிலான பறவைகள் கட்டடங்களில் மோதி இறப்பதாக 2014-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. மோதலுக்குப் பெரும் காரணம் கண்ணாடி. மரங்கள் சூழ்ந்த இடத்தில் மரத்தைப் பிரதிபலிக்கும் பெரிய கண்ணாடிச் சுவர், பறவைக்குத் திறந்த வழியாகவே தெரியும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் பதித்தால் இந்த மோதல்கள் வெகுவாகக் குறைகின்றன. கண்ணாடியை வாங்கும்போதே இதைக் கேட்டுப் பெறுவது எளிது. பொருத்திய பின் செய்வது கடினம். இரவு நிகழ்ச்சிகளுக்கான விளக்குகள், கூடும் வாகன நெரிசல், தோட்ட அலங்காரத்துக்காகக் கொண்டுவரும் அயல்நாட்டுச் செடிகள் வேலி தாண்டிப் பரவுவது, இடிப்பின்போது எலிகள் பக்கத்து வீடுகளுக்குக் குடிபெயர்வது ஆகியவற்றைப் பெயரளவில் குறிப்பிட்டு நகர்கிறேன். இவற்றுக்கான நடைமுறைகள் எல்லா நகராட்சிகளுக்கும் தெரிந்தவையே.

நகரில் இடம் போதாது என்பதால் பூங்காவையே வெளியே கொண்டுசெல்லும் முடிவும் உண்டு. பிரிஸ்டல் நகரின் உயிரியல் பூங்கா 1836-இல் திறக்கப்பட்டு, 186 ஆண்டுகளுக்குப் பின் 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. விலங்குகளுக்கு நகருக்கு வெளியே விரிந்த இடம் கிடைக்க, பழைய வளாகத்தில் வீடுகள் கட்டும் திட்டம் பெரும் விவாதமாயிற்று. சிங்கப்பூரின் ஜூரோங் பறவைப் பூங்கா 2023-இல் மூடப்பட்டு மண்டாய்க்கு மாறியது. மண்டாய், காப்புக் காட்டின் ஓரம். அங்கே கட்டுமானக் காலத்தில் சாலையில் அடிபட்டு இறந்த காட்டுயிர்கள் பொதுவெளியில் கேள்விகளை எழுப்பின. சாலையின் மீது விலங்குகள் கடக்க மரங்கள் நட்ட மேம்பாலம் 2019-இல் திறக்கப்பட்டது. ஆகவே இடமாற்றத் திட்டம் ஒன்றை மதிப்பிடும்போது இரண்டு நிலங்களின் கணக்கையும் ஒன்றாக வைத்தே பார்க்க வேண்டும். புதிய இடத்தில் எதன்மீது கட்டப்போகிறோம், பழைய இடத்தை யாரிடம் ஒப்படைக்கப்போகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே நாளில், ஒரே ஆவணத்தில் பதில் வேண்டும். பழைய வளாகம் நகர்ப்புறப் பூங்காவாகவே தொடரும் என்ற உறுதி சட்டப்படி பதிவாகாமல் விலங்குகளை ஏற்றும் வண்டி புறப்படக் கூடாது.

மதிப்பீட்டு முறை குறித்துச் சில வேண்டுகோள்கள். முழு வளாகத்துக்குமான முதன்மைத் திட்டத்தை மதிப்பிடாமல், நுழைவாயில் ஒரு திட்டம், வாகன நிறுத்தம் வேறு திட்டம், யானை உறைவிடம் மூன்றாம் திட்டம் என்று பிரித்துப் பிரித்து அனுமதி கோரினால், ஒவ்வொன்றும் சட்டம் வகுத்த பரப்பளவு வரம்புக்குள் அடங்கிவிடும். மொத்தத்தின் பாதிப்பு யாருடைய மேசைக்கும் வராது. அனுமதி அலுவலர்கள் இத்தகைய விண்ணப்பங்களை ஒன்றாகத் தொகுத்துத் தரும்படி திருப்பி அனுப்ப வேண்டும். உயிரினக் கணக்கெடுப்பு ஓராண்டின் எல்லாப் பருவங்களையும் உள்ளடக்க வேண்டும். கூடு கட்டும் காலத்தைத் தவறவிட்ட கணக்கெடுப்பில் பறவைகள் இல்லாத மரங்கள்தான் இருக்கும். வௌவால்கள் குட்டி ஈனும் பருவத்திலும் பறவைகள் முட்டையிடும் பருவத்திலும் மரவேலையோ இடிப்போ கூடாது என்பதைப் பணி அட்டவணையிலேயே எழுதுங்கள். சுற்றுச்சூழல் பாதிப்பைக் கையாளும்போது, பாதிக்கும் வேலையை வேண்டாம் என்று விட்டுவிடுவது, குறைவாகச் செய்வது, பழுதுபட்டதைச் சீராக்குவது, ஈடு செய்வது என்ற வரிசையில் ஈடு கடைசி. பல அறிக்கைகள் அதிலிருந்தே தொடங்குகின்றன. எதுவும் கட்டாமல், இருப்பதைச் செப்பனிட்டு, விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அவற்றுக்குக் கூடுதல் இடம் தரும் மாற்று வழியையும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் உண்மையான தெரிவாக ஆராயுங்கள். சடங்குக்காக ஒரு பத்தி எழுதி ஒதுக்கிவிடாதீர்கள்.

இறுதியாக, பணத்தைப் பற்றி. திட்ட மதிப்பில் ஒரு பங்கை, திறப்பு விழாவுக்குப் பிந்தைய ஐந்து ஆண்டுக் கண்காணிப்புக்கென்று தனிக் கணக்கில் வைத்து, அதை வேறு செலவுக்குத் திருப்ப முடியாதபடி செய்யுங்கள். எண்ணிடப்பட்ட ஒவ்வொரு மரத்தின் நிலை, வடிகால் வெளியேறும் இடத்தில் நீரின் தரம், நீர் மற்றும் மின் பயன்பாடு, தாமாக வந்து தங்கும் பறவைகளின் கூடுகள் ஆகியவற்றின் பதிவுகளை ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வெளியிடுங்கள். பட்டுப்போகும் மரங்களுக்கு ஒப்பந்ததாரரும் வடிவமைப்பாளரும் பொறுப்பேற்கும் வகையில், அவர்களுக்குச் சேர வேண்டிய தொகையில் ஒரு பகுதியை அந்த ஐந்தாம் ஆண்டு முடியும் வரை நிறுத்திவையுங்கள். வேலை தொடங்கும் முன் எடுத்த அடிப்படைக் கணக்கெடுப்பின் முழு அறிக்கையை, சுருக்கமாக அல்லாமல் முழுமையாக, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பாக, அப்பகுதி மக்கள் பேசும் மொழியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நகர உயிரியல் பூங்காக்களின் நீண்டகாலப் பார்வையாளர் ஒருவர்